இரு நாட்டில் வீடுடையவர் எந்த ஊரார்?

நெல்லைச் சீமையின் முஸ்லிம் ஊர்களில் சபராளி என்றொரு பழைய சொல் உண்டு. கடல் கடந்து பிழைக்கப் போனவரை அப்படித்தான் அழைத்து வந்திருக்கிறோம். சபர் என்றால் பயணம். நாற்பது ஆண்டுகள் பினாங்கில் கடை வைத்திருந்தவரையும், சிங்கப்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரையும் பயணி என்று சொல்லுவது பொருந்துமா என்று நாம் யோசிப்பதில்லை. அவர்களும் யோசிப்பதில்லை. அதனால்தான் கடையநல்லூர்ப் பெரியவர் ஒருவர் மஃரிபுக்குப் பின் நம்மிடம் கேட்ட கேள்வி நம்மைச் சற்று நிறுத்தி வைத்தது.

"தம்பி, பினாங்கில் மகன் வீட்டில் பாதி வருசம், இங்கே பாதி வருசம். அங்கே போனால் அது நம்ம ஊர் இல்லையே என்று கஸ்ராகச் சுருக்கித் தொழுகிறேன். இங்கே வந்தாலும் திரும்பிப் போகிறவன்தானே என்று சுருக்குகிறேன். சரிதானே?"

சரியில்லை. இதைச் சொல்ல நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தவர் முகீம், அதாவது தங்கி வசிப்பவர். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாள். மாதக் கணக்கில் தங்க நினைத்து வருகிறவருக்கு இரு மத்ஹபிலும் கஸ்ர் இல்லை. முழுமையாகத்தான் தொழ வேண்டும்.

ஆனால் பெரியவரின் கேள்விக்கு உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. இரண்டு ஊரிலும் தம்மைப் பயணி என்று எண்ணுகிற ஒருவர், எந்த ஊருக்குக் கடமைப்பட்டவர்? இது தொழுகையோடு நிற்பதில்லை. பள்ளிவாசல் வரியிலிருந்து ஸகாத் வரைக்கும், பக்கத்து வீட்டாரின் நலம் விசாரிப்பது வரைக்கும் வருகிறது.

அரசாங்கங்கள் இதை நாள்களை எண்ணித் தீர்க்கப் பார்க்கின்றன. நம் நாட்டு வருமான வரிச் சட்டத்தில் பெரிதும் பேசப்படும் எண் 182. நிதியாண்டொன்றில் அத்தனை நாள் இங்கே தங்கினால், குடியுரிமை எதுவாயினும் வரிக் கணக்கில் இங்கு வசிப்பவரே. வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் இந்தியருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியாவில் வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 நாளிலிருந்தே அந்தக் கேள்வி எழும் என்று 2020-ல் சட்டத்தை இறுக்கினார்கள். சிங்கப்பூரின் நிரந்தரவாசி அந்நாட்டை விட்டு வெளியே இருக்கும்போது திரும்பி நுழையும் அனுமதி காலாவதியாகி, அதை உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால், நிரந்தரவாசம் என்ற பெயரே போய்விடும். வேற்று நாட்டுக் குடிமகனாகிவிட்டவருக்கு 2005-ல் வந்த ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. அதை வைத்திருப்பவர் எத்தனை நாள் தங்கினாலும் வெளிநாட்டவராகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வாக்களிக்க முடியாது, தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு கோட்டை விதைப்பாடு வயல் விலைக்கு வாங்கவும் முடியாது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்று அரசாங்கங்களுக்கும் தெரியும். இந்தியா சிங்கப்பூருடன் 1994-லும் மலேசியாவுடன் 2012-லும் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களைப் பாருங்கள். ஒருவர் இரு நாட்டுச் சட்டப்படியும் வசிப்பவராகிவிட்டால், நிலையான வீடு எங்கே என்று முதலில் கேட்கிறார்கள். இரண்டிலும் வீடிருந்தால் குடும்பமும் பொருளும் நெருங்கியிருப்பது எங்கே என்று கேட்கிறார்கள். அதிலும் தீராவிட்டால் வழக்கமாக வாழும் இடம், அதன்பின் குடியுரிமை.

இதைப் படித்தபோது நமக்கு ஃபத்ஹுல் முஈன் நினைவுக்கு வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் பொன்னானி மக்தூம் குடும்பத்தைச் சேர்ந்த இமாம் ஸைனுத்தீன் (ரஹ்) எழுதிய ஷாஃபிஈ சட்டநூல் அது. நம் பகுதி மதரஸாக்களில் ஓதியவர்களுக்குப் பழக்கமானதுதான். ஜும்ஆ நிறைவேற அவ்வூரில் நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் வேண்டும் என்பது அந்த மத்ஹபின் சட்டம். அப்போது, இரண்டு ஊரில் வீடு வைத்திருப்பவரை எந்த ஊர் நாற்பதில் சேர்ப்பது? எங்கே அதிகம் தங்குகிறாரோ அந்த ஊரில் என்கிறது நூல். தங்குவது சமமானால், குடும்பமும் பொருளும் உள்ள ஊர். குடும்பம் ஓரூரிலும் பொருள் வேறூரிலும் இருந்தால் குடும்பம் இருக்கும் ஊரே. எல்லாமே சமமானால் ஜும்ஆ நடக்கும் வேளையில் அவர் இருக்கும் ஊர். வரி அதிகாரிகள் பிற்காலத்தில் வந்து சேர்ந்த இடத்துக்கு, கடற்கரை வணிகரிடையே வாழ்ந்த ஓர் ஆலிம் என்றோ வந்திருக்கிறார்! குடும்பத்தையும் பொருளையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்தார்கள். இவர் பிரித்து, குடும்பத்தை மேலே வைத்தார்.

ஹனஃபி உலமாக்கள் வேறொரு வழியில் சென்றார்கள். ஒருவர் இரண்டு ஊர்களில் குடும்பம் அமைத்து நிலையாக வாழ்ந்தால் இரண்டுமே அவருக்கு வதனே அஸ்லீ, அதாவது மூல ஊர். எதில் நுழைந்தாலும் நிய்யத் இன்றியே அவர் முகீமாகிவிடுகிறார். இரண்டு ஊரிலும் பயணி என்பதற்கு நேர் எதிரான தீர்ப்பு இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறந்த ஊர் என்பதால் மட்டும் ஒன்று சொந்த ஊராகிவிடாது என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வே சான்று. அவர்கள் பிறந்தது மக்காவில். ஆயினும் ஹஜ்ஜத்துல் விதாவின்போது அங்கே பயணியாகவே இரண்டு ரக்அத் தொழுதார்கள். அல்லாஹ்வுக்காக ஹிஜ்ரத் செய்தவர்கள் ஹஜ்ஜுக் கிரியைகளை முடித்தபின் மக்காவில் மூன்று நாள்களே தங்கலாம் என்றும் அனுமதித்தார்கள். மூன்று நாள் தங்குவது குடியிருப்பு ஆகாது என்பதற்கு ஷாஃபிஈ அறிஞர்கள் எடுத்த ஆதாரங்களுள் இதுவும் ஒன்று. பின்னாளில் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மினாவில் நான்கு ரக்அத் தொழுதபோது, மக்காவில் அவர்கள் மணமுடித்துக் குடும்பம் அமைத்திருந்ததே காரணம் என்று ஒரு கருத்து கூறப்பட்டது. அந்த அறிவிப்பு வலுவற்றது என்போரும் உண்டு. எப்படியாயினும், மனைவி இருக்கும் ஊரில் கணவன் விருந்தாளி அல்லன் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே பேசப்பட்டிருக்கிறது.

இந்த அளவுகோலை நம் ஊர்களில் வைத்துப் பார்த்தால் ஊருக்கு ஊர் வேறுபாடு தெரியும். தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கமுள்ள காயல்பட்டினத்தில் மணமான ஆண் பெண்வீட்டுக்குப் போய் வாழ்வது வழக்கம். கொழும்புக்குப் போனவர் தனியாகத்தான் போனார், பெண்மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். கடையநல்லூர், தென்காசியிலிருந்து சிங்கப்பூர் போனவர்களோ பெண்டு பிள்ளைகளோடு குடும்பமாகவே பெயர்ந்தார்கள். 1941-லேயே அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றிவிட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டின் விலையைக் கொழும்பு சபராளிகள் கொடுத்தார்கள். இலங்கையின் 1949-ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வசித்திருக்க வேண்டும் என்றது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் அந்த வசிப்பு அறுந்தது. மனைவியும் சிறுபிள்ளைகளும் அங்கே வசித்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. வாழ்நாளைக் கொழும்புக் கடையில் கழித்தவருக்கு, மனைவி காயலில் இருந்ததே தடையாயிற்று. சட்டம் கடுமையானதுதான், அநீதியும் அதில் இருந்தது. ஆனால் அது கேட்ட கேள்வி தவறென்று சொல்லிவிட முடியவில்லை: உன் வீட்டார் எங்கே?

ஓய்வு பெற்றவரிடம் இது இன்னும் நுட்பமாகிறது. வேலை செய்த காலத்தில் பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. அப்போது அவர் வதன் அக்கரையில் இருந்தது. ஓய்வுக்குப் பின் கணக்கு மெல்லப் புரள்கிறது. ஒரு வருடம் முழங்கால் வலி, மறு வருடம் பேத்தியின் திருமணம், இப்படி இங்கே நாள் கூடிக்கொண்டே போகிறது. யாரும் அறிவிக்காமலே அவர் இவ்வூர்க்காரராகிவிடுகிறார். ஆயினும் மஹல்லாவில் வரி கேட்டால் "நாம் வெளியூர்தானே" என்கிறார். அங்கே ஜமாஅத்தில் கேட்டால் "ஊரில் கொடுக்கிறோம்" என்கிறார். சலுகை என்றால் இரண்டு ஊரிலும் ஊர்க்காரர், கடமை என்றால் இரண்டு ஊரிலும் முஸாஃபிர்! நாம் யாரையும் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம் வீடுகளிலேயே இது நடக்கிறது.

ஃபித்ராவை எடுத்துக்கொள்வோம். ரமளானின் கடைசி நாள் சூரியன் மறையும்போது அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அவ்வூர் ஏழைக்கே அது உரியது என்பது ஷாஃபிஈ சட்டம். பொருளின் ஸகாத் பொருள் இருக்கும் ஊருக்கு உரியது. பினாங்குக் கடை வாடகையில் சேர்ந்த பணம் பினாங்கில் இருந்தால், அங்குள்ள ஏழையைத் தாண்டி வருவதற்கு அந்த மத்ஹபில் இலேசில் வழி கிடையாது. ஏழை உறவினருக்கு அனுப்ப ஹனஃபி மத்ஹபில் இடமுண்டு. நோன்பு இருக்கும்போதே பயணம் செய்தவர், போய்ச் சேர்ந்த ஊராரோடு சேர்ந்தே பெருநாள் கொண்டாட வேண்டும். அவருக்கு 28 நோன்புதான் ஆகியிருந்தால் ஒன்றைக் களாச் செய்கிறார், 31 ஆனாலும் பிடிக்கிறார். இவை ஒவ்வொன்றும் எந்த மண்ணில் கால் வைத்திருக்கிறாரோ அந்த மண்ணோடு அவரைக் கட்டுகின்றன. பாஸ்போர்ட்டின் நிறத்தைக் கேட்பதில்லை.

பாஸ்போர்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவரின் இந்தியக் குடியுரிமை 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி முடிந்துவிடுகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள நம் நாட்டில் வழியில்லை. இருந்தும் ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலில் பெயரும் அப்படியே கிடக்கின்றன. தங்கிவிடும் எண்ணத்தோடு போய் இறங்கி, சுற்றிப் பார்க்க வந்தேன் என்று அதிகாரியிடம் சொல்லுவோரும் உண்டு. விசா என்பது ஒரு நாடு நமக்குத் தரும் அபயம், அதற்கு ஈடாக நாம் தரும் வாக்கு. ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லித் தொடங்குகிறது அல்மாயிதா அத்தியாயம். மறு தரப்பார் முஸ்லிமல்லாத அரசு என்பதால் அந்த வாக்கு இளகிவிடாது. சட்டம் அனுமதிக்கும் நாள்களுக்குள் பயணத்தை அமைத்துக்கொள்வது ஒரு குற்றமும் இல்லை. நாளைக் குறைத்துச் சொல்லுவது வேறு.

பெரியவரிடம் திரும்புவோம். மறுநாள் அவர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார். நுழைவு முத்திரைகளை வரிசையாகப் பார்த்து நாள்களைக் கூட்டினோம். இங்கே ஐந்து மாதத்துக்கு மேல் இருப்பதில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கடந்த ஆண்டுக் கணக்கு ஏழு மாதத்தை நெருங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்போ இங்கே வெள்ளிக்கிழமை நாற்பதில் நானும் ஓர் ஆளா?" என்று கேட்டார். பிறகு, "மகள் பிரசவத்துக்காக வீட்டுக்காரி அங்கேயே இருக்கிறாளே, அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது?" என்றார்.

அதை அவருடைய மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளும்படி சொன்னோம். கேட்கப் போகும்போது பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டு போகும்படி சொல்லி அனுப்பினோம்.