எந்தப் பிள்ளைக்குப் போகும்?



நம் சபையில் ஒரு குடும்பத்தார் போன மாதம் என்னிடம் ஒரு காரியம் கேட்டார்கள். அன்று பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர்கள் சம்மதத்தோடு, பேர் சொல்லாமல் எழுதுகிறேன்.

பதினைந்து வயதுப் பையன். முழங்காலில் வீக்கம். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றுதான் நினைத்தோம். எண்ணெய் போட்டு நீவினார்கள். கடைசியில் பார்த்தால் எலும்பிலே புற்றுநோய், அதுவும் அபூர்வமாய் வருகிற வகை. சபையாய் உபவாசம் இருந்தோம், சிகிச்சையும் நடந்தது. பதினோராம் மாதம் பிள்ளை கர்த்தரண்டைக்குப் போய்விட்டான். கரும்பு லாரி ஓட்டுகிற தகப்பன் கல்லறைக்கு கிரானைட் போடவேண்டும் என்று ஒரு வருஷமாய்ப் பணம் சேர்த்தார். இப்போது வந்து, "பாஸ்டர், கல்லு வேணாம். இந்த வியாதிய ஆராய்ச்சி பண்றவங்களுக்குக் கொடுத்துரலாமா? அவன் பேர்ல?" என்றார்.

மூப்பர் ஒருவர் அங்கேயே, "ஜெபத்துல விசுவாசம் குறைஞ்சவங்க பேசுற பேச்சு இது" என்று சொல்லிவிட்டார். நான் உண்மையை ஒத்துக்கொள்கிறேன். என் மனதில் முதலில் வந்தது விசுவாசமும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. பாதியில் நிற்கிற நம் சபைச் சுற்றுச்சுவர்தான் வந்தது. அந்தப் பணம் அதற்கு வந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தேன். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

தாயார் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. "என் புள்ளைக்கு உதவாத மருந்து இனிமே யாருக்கு உதவினா எனக்கென்ன ஐயா?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் தமிழ்நாட்டிலேயே இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அக்கா டாக்டர். ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் முடிந்தது. அந்தத் துக்கத்தை அவர்கள் விடவில்லை. அவ்வை இல்லம் நடத்தினார்கள், சட்டசபைக்குப் போனார்கள், அத்தனை வேலைக்கு நடுவிலும் இது உள்ளே கிடந்தது. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு ஒரு ஆஸ்பத்திரியா என்று ஜனங்கள் நினைத்த காலம் அது. பணத்துக்கு வீடு வீடாய்ப் படி ஏறினவர்களின் கஷ்டம் காணிக்கைப் பை எடுத்துப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். 1952இல் நேரு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது. தங்கை இறந்து முப்பத்தொரு வருஷம் கழித்து! தங்கைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பம்பாயில் இன்னொருவர். சர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் போனார். மறு வருஷமே அவர் மனைவி பேரில் ஒரு டிரஸ்ட் வைத்தார். அதன் வருமானத்தில் பெரும்பங்கு இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, எந்த தேசத்து ஆராய்ச்சியாளர் ஆனாலும் சரி. அதே 1932இல் அவரும் இறந்தார். போட்ட விதையின் முளையைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அந்த நாளில் அந்த வியாதிக்கு மருந்தே கிடையாது. பிள்ளைகளுக்கு வந்தால் சில மாதம், அவ்வளவுதான். 1947இல் பாஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். முதல் தடவையாகப் பிள்ளைகளுக்கு நோய் கொஞ்ச நாள் பின்வாங்கியது. அந்த மருந்தை உண்டாக்கியது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு. அவருடைய உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர் குடல்நோயால் அடுத்தடுத்துச் செத்தவர்கள். அந்த நோயைத் தேடிப் போன ஆராய்ச்சிதான் இந்த மருந்து வரைக்கும் கொண்டு போய்விட்டது. பிறகு 1984இல் சென்னை, பம்பாய், டெல்லி ஆஸ்பத்திரிகள் சேர்ந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே முறையில் சிகிச்சை செய்ய ஆரம்பித்தார்கள். முன்னே அடையாறில் ஐந்துக்கு ஒரு பிள்ளை பிழைப்பதே கஷ்டம். அதற்குப் பிறகு ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் சிகிச்சை கிடைத்தால் இன்னும் அதிகம்.

இதில் ஒரு கஷ்டமான கேள்வி இருக்கிறது. அபூர்வமான வியாதிக்கு ஏன் கொட்ட வேண்டும்? அதே பணத்தில் எத்தனை அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம்? நியாயமான கேள்விதான், தள்ளிவிட மாட்டேன். ஆனால் நோயாளிகள் கொஞ்சம் பேர் என்றால் மருந்துக் கம்பெனிக்கு லாபம் இல்லை. ஒரு ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் நாலைந்து பேர்தான் வருவார்கள், அதை வைத்து எதையும் நிச்சயமாய்க் கண்டுபிடிக்க முடியாது. பல ஊர் ஆஸ்பத்திரிகள் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கும் செலவு. அந்தச் செலவை அந்த வலி தெரிந்த வீடுதான் முதலில் எடுக்கிறது. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்! அந்தக் கணக்கு எந்தக் கடைக்காரன் கணக்கிலும் சேராது. பரிமள தைலத்தை உடைத்து ஊற்றினவளிடமும் இதையேதான் கேட்டார்கள், ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று.

மூப்பரிடம் தனியாய்ப் பேசினேன். லூக்கா வைத்தியன்தானே ஐயா என்றேன். சிரித்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது.

அந்தத் தாயாருக்குச் சொல்ல என்னிடம் வசனம் இல்லை. "உங்க கேள்வி தப்பில்லம்மா. நீங்க மனசார சொல்லாம இந்தப் பணத்துல ஒரு பைசா போகக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். தகப்பனும் சரி என்றார். ரெண்டு வாரம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருநாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொதுவாய்ப் பேசிக்கொண்டிருந்தோம். வீராணத்துத் தண்ணீர் நம் பக்கம் குழாய்க்குள் ஏறிச் சென்னைக்குப் போகிறதே, அந்தப் பேச்சு வந்தது. 2004இல் இருந்து போகிறது. யார் குடிக்கிறார்கள் என்று இங்கே யாருக்குத் தெரியும் என்றார் தகப்பன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை பேங்கில் டி.டி. எடுக்க மூன்று பேரும் போனோம். கூடவே வைத்து அனுப்பக் கடிதம் எழுதும்போது, பையன் பேரை எங்கே போடட்டும் என்று நான் கேட்டேன்.

"சின்னதா ஓரத்துல போடுங்க ஐயா" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இது எந்தப் பிள்ளைக்குப் போகும்?" என்று கேட்டார்கள்.

"தெரியாதும்மா" என்றேன்.

"அதுவும் ஒரு அம்மாவோட புள்ளதான்" என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னும் இருநூறு ரூபாய் எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். டி.டி. எடுத்தாகிவிட்டது, இனி சேர்க்க முடியாது என்று பேங்க்காரர் சொன்னார். அந்த இருநூறு ரூபாய் இப்போது என் வேதாகமத்துக்குள் கவரில் இருக்கிறது. அடுத்த தடவை சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.