கிருத்திரகூட வழியில் இரு தூபிகள்



மலை ஏறுவதனால் மட்டும் ஒருவன் தூயனாகி விடுவதில்லை. ஆயினும், பகவன் புத்தர் நடந்த மலையில் ஒரு பகல் நடந்து காண்பது, ஏட்டில் படித்த பல செய்திகளை நமக்குத் தெளிவாக்கும். அத்தகைய மலை, மகதத்தின் தலைநகராய் விளங்கிய இராசகிருகத்துக் கிருத்திரகூடம். இன்று அவ்வூர் பீகார் மாநிலத்தில் ராஜ்கிர் என வழங்குகிறது. அதன் குன்றுகளும் காடுகளும் 1978-இல் வனவிலங்குச் சரணாலயமாயின.

கழுகு போல் துருத்தி நிற்கும் பாறையினாலோ, கழுகுகள் வந்து அமர்ந்ததனாலோ மலைக்கு இப்பெயர் வந்தது என்பர். உச்சி அகன்றதன்று. கரடுமுரடான பாறைகள், அவற்றினிடையே குகைகள், மேலே பழைய செங்கல் அடித்தளம், அவ்வளவே. அருகே இரத்தினகிரி முடியில் 1969-இல் திறக்கப்பெற்ற சாந்தித் தூபிக்கு ரோப் கார் உண்டு. நடக்க இயலாதோர் அதில் செல்க. மற்றையோர் நடந்தே வருக. ஏனெனில் நாம் பேச வந்தது அந்த நடைவழியைப் பற்றியே.

அவ்வழியை அமைத்தவன் விம்பிசார மன்னன். பகவரிடம் தம்மம் கேட்கும் பொருட்டு அவன் பாறைகளை வெட்டிப் படிகளாக்கினான் என்றும், வழியிடையே சிறு தூபிகள் இரண்டு நின்றன என்றும், 7ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியுள்ளார். முதல் தூபி, மன்னன் தேரினின்று இறங்கிக் கால்நடையாய்ச் செல்லத் தொடங்கிய இடம். இரண்டாவது, உடன் வந்த பொதுமக்களை மேலே வரவிடாமல் அவன் திருப்பி அனுப்பிய இடம்.

முதல் தூபியைப் புகழ்ந்து பேசுவோர் பலர். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம்மவர்க்கோ அவ்விடம் புதிதன்று. தேரோடும் வீதியின் முனையிலும் குளத்தின் படித்துறையிலும் "அங்கேயே நில்" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விம்பிசாரனைத் தீயவன் என்று நாம் கூறவில்லை. சங்கத்திற்கு வேணுவனத்தை அளித்த வள்ளல் அவன். ஆயினும் தேரை விட்டு இறங்கியவன், அரசன் என்னும் எண்ணத்தை விட்டு இறங்கவில்லை.

அந்த மக்கள் தம்மம் கேளாமலே போயினரோ? இல்லை. பகவர் மலைமீதே இருந்துவிடவில்லை. பாத்திரம் ஏந்தி நகரத்துத் தெருக்களில் நடந்தார். அவ்வாறு அவர் மகதத் தலைநகரில் பிக்குகளுடன் வருகையில், வாடிய மலர்க் குப்பையை வாரிப் பிழைத்த சுனீதர் என்னும் ஏழை, சுமைக் கழியைக் கீழே போட்டு வணங்க வந்தார். பகவர் நின்றார், அவரைப் பிக்குவாக வா என்று அழைத்தார். சுனீதர் தம் வரலாற்றைத் தாமே கூறுவதைத் தேரகாதையில் காணலாம். மன்னன் திருப்பி அனுப்பிய மக்களின் தெருவுக்குப் பகவரே வந்தார், தோழர்களே!

ஏறும் முறையைப் பற்றியும் ஒரு சொல். பகவர் இதே மலையில் தங்கியிருந்த காலத்தில், அருகே சீதவனத்தில் சோணர் என்னும் பிக்கு கால் புண்ணாகுமளவு கடுமுயற்சி செய்து மனம் சோர்ந்தார். பகவர் அவருக்கு யாழ் நரம்பை உவமை காட்டினார்: மிக இறுகினாலும் ஒலியாது, மிகத் தளர்ந்தாலும் ஒலியாது. நமக்கு யாழ் தெரியாது, நூற்பாலை தெரியும். இழுப்பு மிகுந்தால் இழை அறும். குறைந்தால் நூல் சுருண்டு சிக்கும். ஆகவே இளைஞர்கள் ஓட வேண்டாம். வெயில் ஏறுமுன் புறப்படுக. தண்ணீர் கொண்டு செல்க. குரங்குகள் பார்க்கத் தின்பண்டம் பிரிக்கற்க.

இரண்டாம் தூபியின் இடத்தை அடைந்ததும், முன்னே சென்றோர் அனைவரும் நிற்க. பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் தாய்மாரும், மூச்சு வாங்கிப் பின்தங்கிய பெரியோரும் வந்து சேரட்டும். கடைசி ஆளும் வந்தபின், திரிசரணம் சொல்லி, எல்லோரும் ஒன்றாக மேலே செல்க.