கோணலும் வெம்மையும்

கோணிப்போன ஒன்றை நேராக்க முனைகின்றவனுக்கு எத்தகைய பொறுமை வேண்டும்? மனிதரைக் குறித்தே நாம் இவ்வினாவை எழுப்புவது வழக்கம். ஆயினும் ஒரு சிறு பொருளைக் கொண்டு சிந்திப்பது தெளிவு தரும்.

பழைய சுங்கான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புகைப்பதை நாம் போற்றவில்லை. அதன் கேடு யாவரும் அறிந்ததே. கைவினையை மட்டும் நோக்குவோம். அதன் கிண்ணம் வேர்க்கட்டையில் குடைந்தது. வாய்த்தண்டோ கந்தகம் கலந்து சுட்டுக் கெட்டியாக்கிய கருநிற ரப்பர். தண்டின் முனையிலுள்ள சிறு முளை, கிண்ணத்தின் கழுத்துத் துளையில் புகுந்து பொருந்த வேண்டும். நாளடைவில் தண்டு ஒருபுறம் சாய்ந்துவிடுவதுண்டு.

அதனைச் சீர்செய்வோர் இரு தவறுகளில் விழக்கூடும். குளிர்ந்த நிலையில் வலிந்து திருகினால் முளை முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். தண்டையும் கழுத்தையும் சேர்த்து அரத்தால் தேய்த்தால் கோணல் கண்ணுக்கு மறையும். ஆனால் பழுதற்ற மரமும் பழுதுக்கேற்பத் தேய்ந்துவிடும்.

கைதேர்ந்தவர் செய்வது வேறு. உள்துளையில் மெல்லிய கம்பியைச் செலுத்திக் காற்றுவழி அடைபடாமல் காப்பர். பின்பு முளையை இதமாகச் சூடாக்குவர். அது இளகியதும் கழுத்தில் பொருத்தி நேராக்கி, ஆறும்வரை கையை எடுக்காமல் பிடித்திருப்பர்.

அந்த ரப்பருக்கு வியத்தகு இயல்பொன்று உண்டு. வளைத்த தண்டை மீண்டும் சூடாக்கினால், வளைவதற்கு முன்னிருந்த நேரிய வடிவை நோக்கித் திரும்பும். 12-ஆம் நூற்றாண்டில் புனித பெர்னார்து, இனிமைமிகு பாடல் பற்றிய தம் மறையுரைகளில், ஆன்மா தன் நேர்மையை இழந்து வளைந்தாலும் தன் மாண்பை இழப்பதில்லை என்று விளக்கினார். திருத்தம் என்பது புதியதொன்றைத் திணிப்பதன்று. இறைவன் தந்த முதல் வடிவுக்கு வழிவிடுவதே.

ஆகவேதான் மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், குற்றம் செய்த சகோதரனை முதலில் தனியே சந்திக்கப் பணிக்கின்றார். புனித தாமஸ் அக்குவினா சகோதரத் திருத்தத்தை அன்பின் செயலாகவே வைத்தெண்ணினார். நம் சொல்லால் ஒருவன் மேலும் கெடக்கூடும் எனில் அவ்வேளை பொறுப்பதே தகும் என்றும் கற்பித்தார்.

நம் மரக்காணத்து உப்பளங்களும் வெம்மையின் அளவைக் கற்பிக்கின்றன. உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் செறிந்து, பாமே மானியில் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு விளையும். அளவு கடந்து காயவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். விரைந்தாலும் பயனில்லை, மிஞ்சினாலும் கேடு.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. "குடித்துக் கெட்டார்கள்" என்று தீர்ப்பளித்து விலகுவது, குளிரில் திருகுவதை ஒக்கும். "உடல் நோக உழைப்பவன் குடிக்கத்தான் செய்வான்" என்று பழகிப்போவது, கழுத்தைத் தேய்ப்பதை ஒக்கும். முன்னது மனிதனை முறிக்கின்றது. பின்னது அறத்தைத் தேய்க்கின்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொறுமையின் பெயரால் மனைவி மக்களை அடிபட விடலாகாது. அவர்களைக் காப்பது நம் அனைவரின் கடன். நஞ்சை விற்பவனைச் சட்டம் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் குடிக்கு அடிமைப்பட்டவனை மீட்க இவை மட்டும் போதா. அவனோடு பேசும் வழி அடைபடாதிருக்க வேண்டும். அவன் மனம் இளகும் வேளையறிந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஓர் உறவு வேண்டும்.

நாம் பெரிதும் தவறுவது இதற்குப் பின்னரே. திருந்தி வந்தவனிடமிருந்து விரைவில் கையை எடுத்துவிடுகின்றோம். ஒப்புரவு அருள்சாதனத்தில் இறைவன் மன்னித்தவனை ஊர் இன்னும் பழைய பட்டப்பெயராலேயே அழைக்கின்றது. அவனுக்கு வேலை தரவும், மாலை வேளையில் துணையிருக்கவும், மீண்டும் சறுக்கினால் மீண்டும் தாங்கவும் பங்கில் எத்தனை பேர் இருக்கின்றோம்? நம் அன்பியக் கூட்டங்களில் முதலில் எழுப்பப்பட வேண்டிய வினா இதுவே.