விறகுக் கடன்

முகம் அறியாத ஒருவனுக்கு நாம் கடன்பட முடியுமா? பட்டுவிட்டால், அதை யாரிடம் போய்த் தீர்ப்பது? இந்தக் கேள்வி எனக்குச் சாஸ்திரம் படிக்கும்போது எழவில்லை. நியூஸிலாந்தில், ஒரு மலைக் குடிசையில் தங்கிய இரவுக்குப் பிறகு எழுந்தது.

ஆர்தர்ஸ் பாஸ் தேசியப் பூங்காவில், என் தங்கை மகனோடு நாள் முழுதும் நடந்து அந்தக் குடிசையை அடைந்தேன். ஆறு பேர் படுக்கலாம். பூட்டு இல்லை, காவல்காரன் இல்லை. முன்னரே வாங்கி வந்த சீட்டை அங்குள்ள பெட்டியில் நாமே போட வேண்டும். போடாவிட்டால் கேட்பாரில்லை. அந்நாட்டில் இப்படி 950க்கும் மேற்பட்ட குடிசைகளை அரசாங்கம் பராமரிக்கிறது. அவற்றில் பல, மான் கொல்லுகிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை. வேடிக்கையான கதை அது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளையர்கள் வேட்டைச் சுகத்துக்காக மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மானை அடித்துத் தின்னும் விலங்கு அங்கே கிடையாது. மான் பெருகிக் காட்டை மேய்ந்து தீர்த்தது. பிறகு அரசாங்கமே சம்பளம் கொடுத்து மானைச் சுட ஆள் வைத்தது. 1956இல் அந்த வேலை வனத்துறைக்கு வந்தபின் குடிசைகள் மளமளவென்று எழுந்தன. கொல்ல வந்தவன் படுத்த பலகையில்தான் இயற்கையை ரசிக்க வந்த நான் படுத்தேன்.

கணப்பருகே உலர்ந்த விறகு அடுக்கியிருந்தது. யார் பிளந்து வைத்தார்களோ! இரவு முழுதும் எரித்தோம். காலையில் இரண்டு பச்சைக் கட்டைகள்தான் மிஞ்சின. எரித்த அளவுக்குப் பட்ட மரத்தை வெட்டி வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

"மாமா, விறகு வெட்டி வெச்சிட்டுப் போயிடலாம்" என்று பையன் கோடாலியை எடுத்தான்.

"மழை வருதுடா. ஆறு ஏறிடும், கிளம்பு" என்றேன்.

நான் சொன்னது பொய்யல்ல. பாலமில்லாத அந்த ஆறுகள் மழையில் சீக்கிரம் பெருகும். ஆனால் நான் கிளம்பியது அதற்காக அல்ல, தோள் வலித்தது. உண்மையைக் கொண்டே பொய் சொல்லலாம் என்பது கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரியாதா?

வழியெல்லாம் மனம் வழக்காடியது. இன்றிரவு அங்கே யாரும் வராமல் போகலாம். அப்போது நான் யாருக்குத் தீங்கு செய்தவன்? ஆனால் எனக்கு விறகு வைத்தவனும் நான் வருவேன் என்று கண்டானா? அவனுக்குத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை. கொடுத்தவன் ஒருவன், வாங்கிக்கொள்ள வேண்டியவன் வேறொருவன். எந்தக் கோர்ட்டிலும் நிற்காத கடன். நிற்காது என்பதில் கொஞ்சம் ஆறுதல்கூட ஏற்பட்டது.

பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு தம்பதி நனைந்தபடி ஏறி வந்தார்கள். அந்த அம்மாளின் உதடுகள் வெளுத்திருந்தன.

"மேலே விறகு இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன். இரண்டு பச்சைக் கட்டைகள் இருக்கத்தான் செய்தன.

மருமகன் என்னைப் பார்த்தான். பிறகு அவர்களிடம், "இல்லை. நாங்கள்தான் எரித்துவிட்டோம், வெட்டி வைக்கவில்லை. மன்னியுங்கள்" என்றான்.

"கோடாலி இருக்கிறதல்லவா?" என்று கேட்டார் அந்த மனிதர். தலையசைத்தான். அவர்கள் ஏறிப் போனார்கள். கார் நின்ற இடம் வரும்வரை பையன் என்னோடு பேசவில்லை.