மேகம் யாருக்கு அழகு?

திருப்பாலைவனம் தாண்டி பழவேற்காடு கடற்கரைக்கு விடியற்காலமே போட்டோ எடுக்க வருகிறவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வானத்தை நம்ப முடியாது. வெறும் வானத்தில் சூரியன் உதித்தால் படம் சப்பென்று இருக்கும். விட்டுவிட்டு மேகம் இருந்தால்தான் அதன் அடியில் சிவப்பு ஏறும். ஆனால் அந்த மேகத்தையும் காற்றையும் பார்த்துத்தான் மீனவர் படகைக் கரையேற்றி வைக்கிறார். நமக்கு அழகு, அவர் வீட்டில் அன்றைக்கு வருமானம் இல்லை.

இதில் தப்பு என்ன என்று கேட்பீர்கள். அழகை ரசிப்பது தப்பல்ல. "அண்ணே, கொஞ்ச தூரம் படகுல கூட்டிட்டுப் போங்க, கூடப் பணம் தர்றேன்" என்கிறோமே, அங்கேதான் கேள்வி. தொழிலில்லாத நாளில் அவரால் மறுக்க முடியுமா? 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். பணம் கொடுத்தவர் என்று தண்ணீர் பார்ப்பதில்லை. "அவர்தானே சம்மதிச்சார்" என்று நாம் தப்பிக்கவும் முடியாது. பசியோடிருப்பவரின் சம்மதம் முழுச் சம்மதமா?

கரையில் நின்று எடுங்கள். மேகம் மூடிவிட்டால் வெறுங்கையாய்த் திரும்புங்கள். பக்கத்தில் வலையைச் சரிபார்க்கிற பெரியவரும் அதைத்தானே செய்கிறார்? "நாளைக்குப் பாக்கலாம் தம்பி" என்கிறார். அவருக்கிருக்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா? சிந்திப்போம்.