கலையும் கடனும்: காமன் பொட்டலில் எழும் ஒரு வினா

தனக்கென ஒரு கலையைப் பெற்றவன், தன்னை நம்பியிருக்கும் இளையோரின் கல்விக்காக அக்கலையைத் துறத்தல் வேண்டுமா? விரிவுரை மண்டபத்தில் எளிதாகத் தோன்றும் இவ்வினா, தேயிலைத் தோட்டமொன்றில் நின்று கேட்கப்படும்போது தன் எளிமையை இழந்துவிடுகின்றது.

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரபத்தனைக்கு அப்பால் அமைந்துள்ள டயகமவை எண்ணிப் பார்ப்போம். மாசி மாத வளர்பிறையில் மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்து தொடங்குகின்றது. பொட்டலிலே கம்பம் ஊன்றப்படும், தப்பு முழங்கும், ரதியும் மன்மதனும் ஆடிவருவர், இறுதியில் சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கும். ஆடுவோருக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. நேர்த்தியாக வேடமேற்று விரதமிருப்போர் உளர். தந்தையிடமிருந்து மைந்தன் பெற்ற வேடங்களும் உள.

இங்கே ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தையை இழந்தவன், தோட்டத்திலே கவ்வாத்து வெட்டுபவன், மாசியிலே ரதி வேடம் கட்டுபவன். அவன் தங்கை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். அவளது பேருந்துக் கட்டணமும் தனிவகுப்புப் பணமும் அவனுடைய நாட்கூலியிலிருந்தே வரவேண்டும். விடியும்வரை ஆடியவன் காலைப் பெரட்டுக்குப் போகத் தவறினால் அன்று அவனுக்குப் பேர் இல்லை. நாட்சம்பளம் 1000 ரூபாவென 2021ஆம் ஆண்டு வர்த்தமானியில் வருவதற்கே நெடும் போராட்டம் வேண்டியிருந்தது. அத்தகைய கூலியில் ஒரு நாளை இழத்தல் சிறிய இழப்பாகாது. மேலும், 2025ஆம் ஆண்டில் அப்பரீட்சை மார்ச் 17ஆம் திகதி தொடங்கியது. கூத்தின் இரவுகளும் தங்கையின் இறுதி ஆயத்த இரவுகளும் ஒரே இரவுகளாயின.

கடமையை முதன்மைப்படுத்துவோர் கூறும் நியாயம் வலியது. மாசி அடுத்த ஆண்டும் வரும்; பதினாறு வயது மீண்டும் வராது. இலவசக் கல்வி 1940களில் நாட்டிற்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் புறத்தே நின்றன. 1970களிலேதான் அவை அரசின் பொறுப்பாயின. முன்னைய தலைமுறையினர் இழந்ததைத் தங்கையும் இழக்கலாமோ? ஆகவே, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் வேளையில் கல்வியே முந்த வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. தமையன் தன் வேடத்தை என்றென்றைக்குமாகக் களைந்துவிட்டால், தங்கை பெறுவது கல்வி மட்டுமன்று, தீர்க்கவியலாத ஒரு கடனுமாகும். அவள் பெறும் ஒவ்வொரு சித்தியும் அணைந்துபோன ஒரு கலையின் விலையாக அவள்முன் நிற்கும். கொடுப்பவன் தன் வாழ்வை அழித்துக் கொடுப்பதனைப் பெறுபவர் மகிழ்ந்து ஏற்க இயலாது. பிறர்க்கு வாழ்தல் அறம். ஆனால், தானே இல்லாதொழிதல் அவ்வறத்தின் நிறைவன்று.

இனி, இம்முரண்பாட்டை ஆக்கியவர் யார் என்று வினவுவோம். 1917இல் இலங்கையின் மலைநாட்டிலே பிறந்த எம்.ஜி.இராமச்சந்திரன், தந்தையை இழந்தபின் கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்புடன் பள்ளியை விட்டுத் தமையனோடு நாடகக் கம்பனியில் சேர்ந்தார். வறுமை அவ்விருவரையும் பள்ளியிலிருந்து மேடைக்குத் தள்ளியது. பின்னர் அவர் முதலமைச்சராகி, 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளையின் பசி அப்பிள்ளையின் குடும்பத்திற்கு மட்டும் உரிய துன்பமன்று, அது பொதுவின் பொறுப்பு என்பதே அத்திட்டத்தின் உட்பொருள்.

டயகமவின் வழக்கிற்கும் இது பொருந்தும். கலைக்கும் கல்விக்கும் இயல்பான பகை எதுவுமில்லை. இரவெல்லாம் கூத்தைக் கண்டு மகிழும் ஊர், ஆடுபவனின் மறுநாட் பேரைப் பற்றி எண்ணாதிருப்பதனாலேயே பகை பிறக்கின்றது. வள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவை வைத்தமை சிந்தித்தற்குரியது. ஆடுபவன் இழக்கும் கூலியை ஊர் பகிர்ந்துகொள்ளுதல், பரீட்சைக் காலத்தில் வேடத்தை இருவர் மாறி மாறி ஏற்றல், தங்கையின் பாடத்திற்கு உதவப் படித்தவர் ஒருவர் முன்வருதல் ஆகியவை இரக்கத்தாற் செய்யும் தருமமல்ல. கண்ட கூத்திற்குக் கண்டவர் செலுத்தும் கடனாகும்.

இதனைப் படிக்கும் நம்முள்ளும், ஒரு தமையனின் அல்லது ஒரு தமக்கையின் நாட்கூலியால் பல்கலைக்கழகத்தை அடைந்தோர் இருக்கக்கூடும். அவர்கள் நமக்காக எதனைக் கீழே வைத்தனர் என்று நாம் எப்போதாவது கேட்டதுண்டா? கேட்டறிந்து, அதனை மீண்டும் அவர்கள் கையிற் கொடுக்க முயல்வதே நம் படிப்பின் முதற்பயனாக இருத்தல் வேண்டும்.