விதியும் விவேகமும்

ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் நாள் நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் தேசியப் பாதுகாப்பு தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. தேசியப் பாதுகாப்புக் குழு 1966-இல் தோன்றிய நாள் அது. தொழிலாளர்கள் வரிசையாக நின்று உறுதிமொழி ஏற்கின்றனர். அவ்வேளையில் பலருடைய மனத்தில் எழுவது சிரத்தையா, சலிப்பா? சலிப்பு என்று சொல்வோரும் உண்டு.

அந்தச் சலிப்பு முற்றிலும் நியாயமற்றதன்று. முப்பது ஆண்டு அனுபவமுள்ள மின்பணியாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஒரு விளக்கை மாற்ற அவர் படிவம் நிரப்பி, மூவரிடம் கையொப்பம் பெற வேண்டும். மேலே எந்த வேலையும் நடவாத திறந்த வெளியிலும் தலைக்கவசம் அணிய வேண்டும். 'என்னைச் சிறுபிள்ளையாக அல்லவா நடத்துகிறார்கள்!' என்று அவர் உள்ளம் குமுறுகிறது. மனிதனின் அறிவையும் பொறுப்புணர்வையும் மதியாத விதி அவனைச் சிறுமைப்படுத்தவே செய்யும்.

ஆனால் விதிகளின் பிறப்பை ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலப்படும். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில், போபால் நகரின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நச்சுவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது. அதன் பின்னர் 1987-இல், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆபத்து நெருங்குவதாகத் தொழிலாளி அஞ்சினால், அதை அவர் நிர்வாகத்திடம் எடுத்துரைக்கலாம். நிர்வாகம் உடனே செயல்பட வேண்டும். இங்கே விதி தொழிலாளியின் வாயை அடைக்கவில்லை. அவருக்குக் குரல் தந்தது.

அதே இரவு இன்னொரு பாடத்தையும் உணர்த்துகிறது. அந்த ஆலையில் நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் அமைப்பு இருந்தது. ஆனால் அது நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரமும் இருந்தது. குழாய்ப் பழுதுக்காக அதன் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பு பெயரளவில் இருந்தது, செயலளவில் இல்லை.

'ஓர் உயிரும் போகக் கூடாது' என்ற கருணையில் பிறக்கும் விதி ஒன்று. 'நாளை என்மீது பழி வரக் கூடாது' என்ற அச்சத்தில் பிறக்கும் விதி மற்றொன்று. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அச்சம் விதிகளைப் பெருக்கிக்கொண்டே போகும்; அந்தக் கூட்டத்தில் கருணையின் விதி காணாமற்போகும். நாளொன்றுக்கு நாற்பது தாள்களில் கையெழுத்திடுபவர் நாற்பத்தொன்றாவது தாளைப் படிப்பதில்லை. உண்மையான ஆபத்து அந்தத் தாளில் இருக்கக்கூடும்.

அப்படியானால் விதி எப்போது உயிர்பெறுகிறது? ரயில் என்ஜினில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலின் நிலையை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது வழக்கம். இருவர் கண்ணுக்கும் தெரியும் விளக்கை எதற்காகச் சொல்ல வேண்டும்? பழகிய கண் பார்த்தும் பாராமல் போகும்; வாய் சொல்லும்போது மனமும் அங்கே வருகிறது. ஜபம் செய்பவர்களுக்கு இது புதிதன்று. உதடு அசைய, மனம் வேறெங்கோ அலைந்தால் ஜபமும் பயன் தராது, சிக்னலை உரைப்பதும் பயன் தராது.

ஆகவே, விதி செய்பவர் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். காரணம் சொல்ல இயலாத விதியை நீக்கும் துணிவும் அவருக்கு வேண்டும். விதிக்கு உட்பட்டவரோ, அதை மீறுமுன் 'இது யாருக்காக?' என்று கேட்கக் கடமைப்பட்டவர். மின்பணியாளர் தம் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்தால் அவருக்கு ஒன்றும் நேராமல் போகலாம். முப்பது ஆண்டு அனுபவம் அவருக்குத் துணை நிற்கும். அவரைப் பார்த்துத் தானும் கழற்றும் இளைஞனிடம் அந்த அனுபவம் இல்லை. தமக்குத் தேவையில்லாத கவசத்தையும் அவனுக்காக அணிந்துகொள்வாரானால், அந்தக் கணமே அது தளையாக இராது, தொண்டாகிவிடும்.